சொல்லாமல் நின்றுபோகும் வேலைகள்: சர்வரில் நேரம் குறித்த பணிகளின் முடக்கம்

சர்வர் எனப்படும் சேவைக் கணினிகளில், ஆள் அருகில் இல்லாத வேளையிலும் குறித்த நேரத்துக்குத் தானே தொடங்கித் தானே முடியுமாறு ஒப்படைக்கப்பட்ட வேலைகள் பல உண்டு. தரவுத்தளத்தை நள்ளிரவு கடந்து நகலெடுத்து வேறோர் இடத்தில் சேர்க்கும் பேக்கப், பழைய பதிவுக் கோப்புகளைச் சுருக்கிக் கழிக்கும் துப்புரவு, மாத முதல் நாளில் சம்பளக் கணக்கைத் தயாரிக்கும் நிரல், இணையத்தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழைக் காலாவதியாகும் முன் புதுப்பிக்கும் நிரல் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றின் பழுதுக்கு ஒரு தனிக்குணம் உண்டு: அது நேர்ந்த நாளில் எவருக்கும் தெரிவதில்லை. தளம் விழுந்தால் பயன்படுத்துவோர் உடனே கூப்பிட்டுச் சொல்லிவிடுகிறார்கள். பேக்கப் நின்றால் சொல்ல ஆளில்லை. லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பின் 90 நாள் ஆயுளுள்ள சான்றிதழைப் புதுப்பிக்கும் பணி, ஒருமுறை புதுப்பித்த மறுநாளே நின்றுபோனாலும், அந்தக் குறை ஏறத்தாழ மூன்று மாதம் கழித்து, தளத்தைத் திறப்பவரின் உலாவியில் எழும் எச்சரிக்கையாகத்தான் வெளிப்படும்.

இப்பொருள் பற்றிய கையேடுகள் பலவும் காரணங்களை ஒரே நீண்ட வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றாகச் சரிபார்க்கச் சொல்லி முடித்துவிடுகின்றன. அப்படி அடுக்குவதில் ஓர் அடிப்படை வேறுபாடு கரைந்துபோகிறது. ஒரு நாளும் ஓடாத பணி வேறு, இரண்டாண்டு ஒழுங்காக ஓடி ஒரு வியாழக்கிழமை நின்றுபோன பணி வேறு. முன்னதன் பழுது பெரும்பாலும் எழுதப்பட்ட வரியிலேயே இருக்கும். பின்னதன் வரியில் ஓர் எழுத்துகூட மாறியிராது, மாறியது அதைச் சுற்றியிருக்கும் ஏதோ ஒன்று. ஆகவே நின்றுபோன பணியை ஆராய்பவர், பணியின் கட்டளைகள் அடங்கிய ஸ்கிரிப்டைத் திறந்து வரிவரியாகப் படிக்கத் தொடங்குவதைவிட, அது கடைசியாக ஒழுங்காக ஓடிய நாளைக் கண்டறிந்து, அந்த நாளுக்கும் முதல் தவறலுக்கும் இடையில் அந்தக் கணினியில் என்ன நடந்தது என்று கேட்பதே குறுக்கு வழி. கீழே வரும் காரணங்கள் அனைத்தும் இந்தக் கேள்வியை முன்வைத்தே எடைபோடப்படுகின்றன.

யூனிக்ஸ் வழிவந்த கணினிகளில் இவ்வேலையைச் செய்யும் நிரலின் பெயர் கிரான். பெல் ஆய்வகத்தில் 1979இல் வெளிவந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸில் அது இடம்பெற்றது. நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து, ஒரு கோப்பைப் பார்த்து, அந்த நிமிடத்துக்குரிய வேலை இருந்தால் தொடங்கிவைத்து, மீண்டும் உறங்குவது என்பதே அதன் முழு இயல்பு. 1987இல் பால் விக்சி எழுதிய கிரான், ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனி அட்டவணை, பணிக்கென்று சூழல் மாறிகள் போன்ற வசதிகளோடு பரவலாகிப் பின்னர் லினக்ஸிலும் நிலைபெற்றது. லினக்ஸ் வகைகளுள் டெபியன் இன்றும் அதன் வழித்தோன்றலையே வைத்திருக்கிறது, ரெட் ஹேட் குடும்பம் 2007 முதல் அதிலிருந்து கிளைத்த கிரோனி என்னும் வடிவத்தைப் பேணுகிறது. இத்தனை மாற்றங்களுக்குப் பின்னும் கிரானின் பழைய குணம் ஒன்று மாறவில்லை: நேற்று எதை ஓட்டினோம், அது வென்றதா தோற்றதா என்பதை அது நினைவில் வைப்பதில்லை. இரண்டரை மணிக்கு ஒரு பணி இருக்கையில் கணினி இரண்டு முதல் மூன்று மணி வரை அணைந்திருந்தால், மூன்று மணிக்கு விழித்த கிரான் தவறிய வேலையைத் தேடாது. இக்குறையை ஈடுசெய்யவே, கடைசியாக ஓடிய நாளைக் குறித்துவைக்கும் அனாக்ரான் என்னும் துணை நிரல் எழுந்தது. லினக்ஸின் சேவைகளை நிர்வகிக்கும், பின்னாளில் வந்த சிஸ்டம்டி அமைப்பின் டைமர்களிலும் தவறியதை எழுந்தவுடன் ஓட்டும் விருப்பம் இருக்கிறது, ஆனால் அதை வெளிப்படையாகக் கேட்டால்தான் கிடைக்கும்.

கிரானின் அட்டவணை வரியில் முதல் ஐந்து இடங்கள் நேரத்தைக் குறிக்கும். அவற்றின்பின் கட்டளை வரும். "30 2 * * *" என்று தொடங்கும் வரியில், 30 நிமிடத்தையும் 2 மணியையும் குறிக்க, அடுத்த மூன்று நட்சத்திரங்கள் மாதத்தின் எந்த நாளாயினும், எந்த மாதமாயினும், எந்தக் கிழமையாயினும் என்று பொருள்படும். இதில் பலரையும் ஏமாற்றும் இடம் நாளும் கிழமையும். "0 6 13 * 5" என்று எழுதியவர் பதின்மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமையாக வரும் நாளை மட்டும் நினைத்திருப்பார். கிரானோ இரண்டில் எது பொருந்தினாலும் போதும் என்று, ஒவ்வொரு பதின்மூன்றிலும் ஒவ்வொரு வெள்ளியிலும் பணியை ஓட்டும். அதுபோல 31ஆம் தேதிக்குக் குறித்த பணி ஆண்டில் ஏழு மாதங்களில்தான் ஓடும். ஏப்ரலில் அது "நின்றுவிட்டது" என்று தேடுபவர் இல்லாத பழுதைத் தேடுகிறார்.

வரியில் கைவைத்ததால் நிற்கும் பணிகளில் மிகவும் வஞ்சகமானது சதவீதக் குறியால் வருவது. பேக்கப் கோப்பின் பெயரில் அன்றைய தேதியைச் சேர்க்க விரும்பும் நிர்வாகி, தேதி தரும் கட்டளையை அதற்குரிய சதவீதக் குறிகளோடு வரியில் எழுதி, முனையத்தில் ஒருமுறை ஓட்டிப் பார்த்து, சரியாக வருகிறது என்று திருப்தியடைந்து வீடு திரும்புகிறார். ஆனால் கிரான் அட்டவணையில் சதவீதக் குறிக்குத் தனிப் பொருள் உண்டு: முதல் குறியோடு கட்டளை முடிந்துவிடும், அதற்குப் பின்னுள்ளவை அக்கட்டளைக்கு உள்ளிடப்படும் தரவாகக் கொள்ளப்படும். குறியின் முன் ஒரு பின்சாய்கோடு இட்டால் இது தீரும். இடாதவரை கட்டளை பாதியில் வெட்டுண்டு, ஒவ்வோர் இரவும் தோற்கும். முனையத்தில் ஓடுவது கிரானில் ஓடாது என்ற புலம்பலுக்குப் பின்னால் இக்குறி அடிக்கடி ஒளிந்திருக்கிறது. அட்டவணையைக் கையாளும் கிரான்டாப் கட்டளையோடு "ஈ" என்னும் ஆங்கில எழுத்தை இட்டால் அட்டவணை திருத்தத் திறக்கும், "ஆர்" இட்டால் முழு அட்டவணையும் அழியும், இரண்டும் விசைப்பலகையில் அடுத்தடுத்த விசைகள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். பல கணினிகளில் அது அழிக்கும் முன் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

இனி ஆராயும் முறைக்கு வரலாம். "பணி ஓடவில்லை" என்ற முறையீட்டில் மூன்று வெவ்வேறு நிலைகள் கலந்திருக்கின்றன: கிரான் அதை அழைக்கவே இல்லை; அழைத்தது, ஆனால் பணி இடையில் தோற்றது; பணி முடிந்தது, ஆனால் விளைவு பயனற்றது. இவற்றைப் பிரிக்கும் முதல் சான்று பதிவேடு, அதாவது கணினி தன் செயல்களை நேரத்தோடு குறித்துவைக்கும் லாக். டெபியன் வகைக் கணினிகளில் கிரானின் குறிப்புகள் சிஸ்லாக் கோப்பிலும், ரெட் ஹேட் வகையில் கிரானுக்கென்றே உள்ள தனிக் கோப்பிலும் விழும். 2023இல் வந்த டெபியன் 12 முதல் அந்தச் சிஸ்லாக் கோப்பு இயல்பாக உருவாவதில்லை என்பதால், சிஸ்டம்டியின் ஜர்னலில் தேட வேண்டும். பழைய பழக்கத்தில் கோப்பைத் தேடி, அது இல்லாததைக் கண்டு, கிரானே இயங்கவில்லை என்று முடிவுகட்டுவது இன்று எளிதில் நேரும் தவறு. பதிவேட்டில் 02:30:01 என்ற நேரத்தோடு, பயனர் பெயரும் கட்டளையும் அடங்கிய ஒரு வரி இருந்தால் அழைப்பு நடந்திருக்கிறது; அந்த வரி அழைப்புக்கு மட்டுமே சாட்சி, வெற்றிக்குச் சாட்சியாகாது. வரி இல்லையென்றால் ஸ்கிரிப்டைத் தொடவே வேண்டியதில்லை.

அழைப்பே நடக்காத நிலையில் முதலில் பார்க்க வேண்டியது கிரான் என்னும் பின்னணி நிரல் உயிரோடிருக்கிறதா என்பது. அது இருந்தும் ஒரு பயனரின் பணிகள் மட்டும் ஓடவில்லையென்றால், அந்தப் பயனரின் கடவுச்சொல் காலாவதியானதா என்று பார்ப்பது பல மணிநேர அலைச்சலை மிச்சப்படுத்தும். பாதுகாப்புக் கொள்கையின்படி கடவுச்சொல்லை 90 நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று வைத்திருக்கும் அலுவலகங்களில், பேக்கப்புக்கென்று உருவாக்கப்பட்ட கணக்குக்கும் அந்த விதி பொருந்திவிடுகிறது. அக்கணக்கில் எவரும் நேரில் நுழைவதில்லை, ஆகவே "கடவுச்சொல் முடியப்போகிறது" என்ற எச்சரிக்கையைப் படிக்க ஆளில்லை. 91ஆம் நாள், பணியைத் தொடங்கும் முன் கணக்கு செல்லுபடியாகிறதா என்று கிரான் பாம் என்னும் அங்கீகார அமைப்பைக் கேட்கும்போது, "அடையாளம் செல்லாது, புதியது வேண்டும்" என்ற பொருளில் மறுப்பு வரும். கிரான் அதைப் பதிவேட்டில் ஒரு வரியாக எழுதிவிட்டுப் பணியைக் கைவிடும். பணியின் வரி, ஸ்கிரிப்ட், அனுமதிகள் யாவும் அப்படியே இருக்க, கணக்கின் ஆயுள் மட்டும் முடிந்துவிட்டது. நின்றுபோன பணி என்ற தொடருக்கு இதைவிடத் தூய எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

கோப்புகளின் உரிமையும் பெயரும் இதே வகையைச் சேர்ந்தவை. பொது அட்டவணைக் கோப்புகள் ரூட் என்னும் தலைமைக் கணக்குக்குச் சொந்தமாக இல்லாவிட்டாலோ, பிறர் எழுதக்கூடியனவாக இருந்தாலோ கிரான் அவற்றைப் பாதுகாப்பற்றவை என்று ஒதுக்கிவிடும். வேறு கணினியிலிருந்து கோப்புகளை நகலெடுத்து வைத்த மறுநாள் பணிகள் நிற்பதற்கு இது காரணமாகலாம். டெபியனில் தினசரிப் பணிகளுக்கான அடைவில் உள்ள கோப்பின் பெயரில் புள்ளி இருந்தால் அது சத்தமின்றித் தவிர்க்கப்படும், ஆகவே ஸ்கிரிப்டின் பெயருக்கு அழகாக ஒரு பின்னொட்டுச் சேர்த்தவர் தம் கையாலேயே பணியை நிறுத்தியவராகிறார்.

நேர மண்டலச் சிக்கல் தனியே பேசத்தக்கது. அலுவலகத்தில் வைத்திருந்த சர்வரை மேகக் கணினிக்கு மாற்றும்போது, பெரும்பாலும் யூடிசி என்னும் உலகப் பொது நேரத்தில் ஓடும் கணினிதான் கைக்கு வருகிறது. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னே செல்வதால், இரவு இரண்டரைக்கு என்று எழுதிய பேக்கப் சென்னையில் காலை எட்டு மணிக்கு ஓடும். இரவில் பார்த்தவருக்குப் பணி நின்றதாகவும், காலையில் வேலைக்கு வந்தவருக்குத் தளம் காரணமின்றி மந்தமானதாகவும் தோன்றும். மணியை மாற்றி எழுதினால் போயிற்று என்று நினைப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. மாதத்தின் முதல் நாள் இந்திய நேரம் அதிகாலை 2 மணி என்பது யூடிசியில் முந்தைய மாதத்தின் கடைசி நாள் இரவு 8:30. அந்தக் கடைசி நாள் 28, 29, 30, 31 இவற்றில் எதுவாகவும் இருக்கலாம், கிரானின் ஐந்து இடங்களில் "மாதக் கடைசி" என்று எழுத இடமில்லை. 28 முதல் 31 வரை ஒவ்வோர் இரவும் பணியை எழுப்பி, இந்திய நேரப்படி அப்போது முதல் தேதியா என்று ஸ்கிரிப்டுக்குள் கேட்டு, இல்லையென்றால் திரும்பிவிடச் செய்வது ஒரு வழி. கிரோனியிலும் சிஸ்டம்டியிலும் அட்டவணைக்கே நேர மண்டலத்தைக் குறிப்பது இன்னும் நேர்மையான வழி. கணினியின் நேர மண்டலத்தை மாற்றிய பின் கிரானை மறுதொடக்கம் செய்யாவிட்டால் அது பழைய மண்டலத்திலேயே கணக்கிட்டுக்கொண்டிருக்கும் என்பதும் மறக்கப்படுவது. கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளிப் பின்னர் திருப்பும் வழக்கம் இந்தியாவில் இல்லாததால் அத்தொல்லை இங்கில்லை. ஆனால் நாடுகள் தம் நேரத்தையே மாற்றுவதும் நடக்கும், 1996இல் இரு முறை மாற்றிய இலங்கை 2006 ஏப்ரலில் மீண்டும் ஐந்தரை மணிக்குத் திரும்பியது.

அழைக்கப்பட்டும் தோற்கும் பணிகளில் முதலிடம் சூழலுக்கு உரியது. மனிதர் முனையத்தில் நுழையும்போது கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் ஷெல், அவருடைய விருப்பங்கள் எல்லாம் ஏற்றப்பட்டுக் கிடைக்கிறது. கிரான் தருவதோ வெற்றறை. கட்டளைகளைத் தேடும் பாதையில் இரண்டொரு அடைவுகளே இருக்கும், ஷெல்லும் மிக எளியதாக இருக்கும். இது புதிய பணியின் பழுதாகவே வழக்கமாகப் பேசப்பட்டாலும், ஓடிய பணியையும் நிறுத்தவல்லது: நிரல் ஒன்றை மேம்படுத்தும்போது அது வேறு அடைவுக்கு நகர்ந்தால், முனையம் புதிய இடத்தை அறிந்திருக்கும், கிரான் அறியாது. டெபியன் 2011இல் தன் இயல்பு ஷெல்லை பேஷிலிருந்து டேஷுக்கு மாற்றியபோது, பேஷின் தனி வசதிகளை நம்பி எழுதப்பட்டு, ஆனால் பொது ஷெல்லின் பெயரால் ஓடிவந்த ஸ்கிரிப்டுகளுக்கு இதே கதி நேரக்கூடியதாயிற்று. வட்டு நிறைந்துபோவதையும் இங்கே சேர்க்க வேண்டும். இடம் மீதமிருக்கிறது என்று காட்டும் வட்டிலும், கோப்புகளின் எண்ணிக்கைக்கு உரிய ஐநோடு எனப்படும் குறிப்பிடங்கள் தீர்ந்திருந்தால் புதிய கோப்பு பிறக்காது.

தோல்வியைவிடத் தொல்லையானது தொங்கல். தொலைவிலுள்ள கணினி மாற்றப்பட்டதால் அடையாளத்தை உறுதிப்படுத்தும்படி கேள்வி கேட்டு நிற்கும் நிரல், பதில் வராத வலைவட்டைத் தொட்டு உறைந்த நிரல் முதலியவை முடிவதுமில்லை, தோற்பதுமில்லை. முந்தைய ஓட்டம் முடிந்ததா என்று கிரான் பார்ப்பதில்லை, ஆகவே ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் பணி தொங்கினால் மறுநாளைக்குள் 288 பிரதிகள் நினைவகத்தை அடைத்துக்கொண்டு நிற்கக்கூடும். அதைத் தவிர்க்கப் பலர் பூட்டுக் கோப்பு வைக்கிறார்கள்: தொடங்கும்போது ஒரு கோப்பை உருவாக்கி, முடிக்கையில் அழித்து, கோப்பு இருந்தால் தொடங்காமல் திரும்பிவிடுவது. மின்வெட்டில் கணினி அணைந்தால் அழிக்க வேண்டிய நிரல் இறந்துபோகும், பூட்டு எஞ்சிவிடும். அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் பணி முறையாக அழைக்கப்பட்டு, முறையாகப் பூட்டைக் கண்டு, பிழையேதுமின்றித் திரும்பிக்கொண்டிருக்கும். எஃப்லாக் கட்டளை இதற்குச் சரியான மாற்று. அதன் பூட்டு இயங்குதளக் கருவின் பொறுப்பில் இருப்பதால், அதைப் பிடித்திருந்த நிரல் இறந்ததும் தானே விடுபடும். சிஸ்டம்டியில் தொங்கல் வேறு உருவெடுக்கிறது: ஒருமுறை ஓடி முடியும் வகைப் பணிக்கு இயல்பாகக் கால எல்லை கிடையாது, அது முடியாதவரை டைமர் அடுத்ததைத் தொடங்காது, எனவே ஒரே ஒரு தொங்கல் இனிவரும் ஓட்டங்கள் அனைத்தையும் விழுங்கிவிடும்.

மற்றத் தளங்களில் பெயர்கள்தாம் வேறு. விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் பணியோடு சேமித்த கடவுச்சொல் பழையதானால் பணி நிற்கும். மின் இணைப்பில் இருந்தால் மட்டுமே தொடங்கு என்ற நிபந்தனை இயல்பாகவே இடப்பட்டிருப்பதால், மடிக்கணினியைச் சர்வராக்கியவர் மின்வெட்டு நாளில் பணியை இழப்பார். இணையத்தளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸில் நேரம் குறித்த பணிகளை ஓட்டுவது தளத்துக்கு வரும் பார்வையாளரின் வருகைதான். வருவோர் இல்லாத தளத்தில் குறித்த நேரத்தில் இடுகை வெளியாகாது. முழுப் பக்கத்தையும் தற்காலிகச் சேமிப்பிலிருந்து தரும் ஏற்பாடு செய்த தளத்திலும், வருவோர் இருந்தும், நிரல் விழிக்காமலே போகலாம்.

எஞ்சுவது மூன்றாம் நிலை: முடிந்தும் பயனற்ற பணி. தரவுத்தள நகலை ஒரு நிரல் எடுத்துத் தர, மற்றொன்று அதைச் சுருக்கிக் கோப்பாக்கும்படி இரண்டையும் குழாய்க் குறியால் இணைப்பது எங்கும் உள்ள வழக்கம். அவ்விணைப்பின் வெற்றி தோல்வியை ஷெல் கடைசி நிரலைக் கொண்டே தீர்மானிக்கும். நகலெடுக்கும் நிரல் முதலடியிலேயே தோற்றாலும், சுருக்கும் நிரல் தனக்கு வந்த வெறுமையைக் குறையின்றிச் சுருக்கி, 20 பைட் அளவுள்ள கோப்பொன்றைச் செய்து வெற்றி என்று அறிவித்துவிடும். அடைவைத் திறந்து பார்ப்பவருக்கு நாள்தோறும் ஒரு கோப்பு தெரியும், பெயரில் தேதியும் இருக்கும். அளவைப் பார்த்தவருக்குத்தான் உண்மை தெரியும். குழாயின் எந்தப் பகுதி தோற்றாலும் முழுவதும் தோற்றதாகக் கொள்ளச் சொல்லும் விருப்பம் பேஷில் உண்டு, அதை இடாத பேக்கப் ஸ்கிரிப்டை நம்புவது துணிச்சல்.

கிரான் முற்றிலும் ஊமையென்று சொல்லிவிட முடியாது. பணி எதையாவது அச்சிட்டால் அதை உரியவருக்கு மின்னஞ்சலாக அனுப்பும். ஆனால் இன்றைய சர்வர்கள் பலவற்றில் மின்னஞ்சல் அனுப்பும் நிரலே நிறுவப்பட்டிருப்பதில்லை, அவற்றில் டெபியனின் கிரான் "அனுப்ப வழியில்லை, வெளியீடு கைவிடப்பட்டது" என்ற பொருளில் ஒரு குறிப்பை எழுதி முடித்துக்கொள்ளும். அஞ்சல் வரும் இடங்களிலும், நாள்தோறும் வரும் வெற்றிச் செய்திகளால் சலித்தவர்கள், வெளியீடு முழுவதையும் வெறுமைக்குத் திருப்பிவிடும் தொடரை வரியின் கடைசியில் ஒட்டிவிடுகிறார்கள். சலிப்போடு சேர்ந்து பிழைச் செய்தியும் போய்விடுகிறது.

நிரல்மூலத் திட்டங்களை இணையத்தில் வைத்துப் பேணும் கிட்லேப் நிறுவனம் 2017இல் தானே வெளியிட்ட விசாரணைக் குறிப்பு, இப்படிச் சத்தமின்றித் தோற்கும் பணிகளுக்கான பொது ஆவணமாகிவிட்டது. அவ்வாண்டு ஜனவரி 31 இரவு, முதன்மைத் தரவுத்தளத்தைத் துணைச் சர்வருக்குத் தொடர்ந்து நகலாக்கும் ஏற்பாட்டைச் சீர்செய்துகொண்டிருந்த பொறியாளர் ஒருவர், துணைச் சர்வர் என்று எண்ணி முதன்மைச் சர்வரின் தரவு அடைவை அழித்துவிட, சுமார் 300 ஜிகாபைட் தரவில் பெரும்பகுதி சில நொடிகளில் போனது. பேக்கப்பைத் தேடியபோது அது சேர்ந்திருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் 9.6 பதிப்பில் ஓட, நகலெடுக்கும் பணி 9.2 பதிப்பின் கருவியைத் தேர்ந்து, பதிப்பு பொருந்தாமல் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் அனுப்பப்பட்டன. ஆனால் அனுப்புநர் பெயர் உண்மையானதா என்று சரிபார்க்கும் டிமார்க் விதிக்கு அவை இணங்காததால், பெறும் சர்வர் அவற்றைத் திருப்பிவிட்டது. சோதனைத் தேவைக்காக ஆறு மணிநேரத்துக்கு முன் எடுக்கப்பட்டிருந்த வட்டுப் படிமம் ஒன்றே நிறுவனத்தைக் காத்தது. அப்படியும் சுமார் 5,000 திட்டங்கள், 5,000 கருத்துகள், 700 புதிய கணக்குகள் பாதிக்கப்பட்டன. இந்நிகழ்வில் அழித்தவரின் கைத்தவறே பரவலாகப் பேசப்படுகிறது; மேம்படுத்திய தரவுத்தளமும் அதை அறியாத பணியும் சேர்ந்து விளைத்த மௌனமே அதைவிடக் கூர்ந்து படிக்கத்தக்கது.

தோல்விச் செய்திக்காகக் காத்திருக்கும் ஏற்பாட்டின் குறை இதில் தெளிவாகிறது: அழைக்கப்படாத பணி தோல்விச் செய்தியை அனுப்பவே முடியாது. ஆகவே கண்காணிப்பைத் தலைகீழாக்கி, பணி வெற்றியாக முடிந்ததும் வேறொரு கணினிக்கு ஒரு சிறு குறிப்பை அனுப்பவும், குறித்த நேரத்துக்குள் அது வராவிட்டால் அக்கணினி அபாயமணி அடிக்கவும் செய்கிறார்கள். ரயில் ஓட்டுநர் பிடியைத் தளர்த்தினால் வண்டி தானே நிற்கும் ஏற்பாட்டின் பெயரால் இது டெட் மேன்ஸ் சுவிட்ச் என்று வழங்கப்படுகிறது. இரண்டரைக்குத் தொடங்கி வழக்கமாக நாற்பது நிமிடம் எடுக்கும் பேக்கப்புக்கு நான்கு மணி வரை பொறுப்பது நியாயமான அவகாசம். அதைவிடக் குறைத்தால் வீண் மணிகள் அடித்துப் பழகிப்போகும். காவல் நிரலை அதே சர்வரின் கிரானில் இன்னொரு வரியாக எழுதுவோர் உண்டு, கிரான் நின்ற நாளில் இரண்டும் சேர்ந்தே உறங்கும். கோப்பின் வயதோடு அளவையும் பார்க்க வேண்டும் என்பதை அந்த 20 பைட் சொல்லிவிட்டது. இன்னும் கவனமுள்ள இடங்களில், வாரத்துக்கு ஒருமுறை பேக்கப்பை வெற்றுத் தரவுத்தளம் ஒன்றில் மீட்டெடுத்து, முக்கிய அட்டவணைகளின் வரிசைகளை எண்ணிப் பார்க்கும் பணி ஒன்றும் ஓடுகிறது. அதுவும் நேரம் குறித்த பணியே என்பதால், அதன் வெற்றிக் குறிப்புக்கும் தனியே ஒரு காலக்கெடு வைத்திருக்கிறார்கள்.